ஸ்டாப்பை அமுக்கினால் பின்னால் போகிறது

போன மாதம் அலுவலகத்திலிருந்து ஸ்வாதி போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள். கெட்டிக்காரி.

"சார், ஒரு சின்ன விஷயம். நாம சாஃப்ட்வேர்ல ஒவ்வொரு வெர்ஷன் வெளியிட்டதும் ஒரு அக்கவுண்ட் வந்து நம்ம வெப் பக்கத்துல ஒரே வரியைப் போடுது. 'ஸ்டாப் செக்டு. ஓகே.' அவ்வளவுதான். ஏதாவது கேட்டா பதிலே கிடையாது. மெஷின் போடற மாதிரி இருக்கு. பிளாக் பண்ணிடலாமா?"

"பண்ணாதம்மா" என்றேன்.

"தெரிஞ்சவரா சார்?"

"நல்லாவே தெரிஞ்சவர்."

"இப்பவும் அவர்தான் போடறாருன்னு எப்படிச் சொல்றீங்க? அக்கவுண்டை வேற யாராவது எடுத்துக்கிட்டிருந்தா?"

"விசாரிச்சுச் சொல்றேம்மா" என்றேன். அந்த மனிதரைப் பார்த்துப் பல வருஷங்கள் ஆகிவிட்டன. ஸ்வாதி கேட்டது சரியான கேள்வி. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கேட்டுக்கொண்டுகூட இருக்க மாட்டேன், பிளாக் பண்ணிவிட்டுச் சாப்பிடப் போயிருப்பேன். ஒரு காலத்தில் அதே ஆளிடம் ஏறக்குறைய அப்படித்தான் நடந்துகொண்டேன். அதனால் என்ன வந்தது என்பதை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான் சந்தேகப் பிராணி. பிறவிக் குணம். காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு கேட்டைப் பூட்டிவிட்டு மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். சர்ச்சுக்குப் பாதி வழி போனபிறகு திரும்பி வந்து நான்காவது முறையும் இழுத்துப் பார்த்ததுண்டு. "கர்த்தரே வந்து கதவைத் தட்டினாலும் நீங்க ஐடி கார்டு கேப்பீங்க" என்பாள் என் மனைவி ஸ்டெல்லா. எனக்கு இன்னொரு வியாதியும் உண்டு. எதைப் பார்த்தாலும் அகரவரிசையில் அடுக்கிவிடுவேன். ஒருமுறை ஸ்டெல்லா ஊருக்குப் போயிருந்தபோது சமையலறை டப்பாக்களையெல்லாம் அப்படி அடுக்கி லேபிள் ஒட்டி வைத்தேன். திரும்பி வந்தவள் ரசத்தில் உப்புக்குப் பதில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள். அவள் கை பழகிய இடத்தில் சர்க்கரை உட்கார்ந்திருந்தது. "உப்பு அடுப்புப் பக்கம் இருக்கணும், அ ஆ பக்கம் இல்ல!" என்று சத்தம் போட்டாள். அன்றைக்கு நான் சிரித்தேன்.

கணக்குப் பட்டம், ஒரு கம்ப்யூட்டர் டிப்ளமோ, பிறகு வங்கி மென்பொருளில் பல வருஷம். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உண்மையான வேலை, நாற்பது வயதுக்கு மேல் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்த பிறகுதான் தொடங்கியது. அங்கே எங்கள் குழு ஒரு லைப்ரரியைப் பராமரித்தது. நிரல் எழுதும் நிரல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கருவிகள் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால், என்னென்ன சொற்களில் பேசும் என்று ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தால் போதும். இரண்டு பக்கத்துக்கும் வேண்டிய நிரலை எங்கள் லைப்ரரியே எழுதிக் கொடுத்துவிடும். கருவிக்குச் சொல் தெரியாது, எண்தான் தெரியும். அதனால் பட்டியலில் முதல் சொல்லுக்குப் பூஜ்யம், அடுத்ததற்கு ஒன்று, அதற்கடுத்ததற்கு இரண்டு என்று லைப்ரரி எண் போட்டுக்கொள்ளும்.

அது ஓப்பன் சோர்ஸ். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், எடுத்துப் போகலாம், குறை சொல்லலாம், திருத்தமும் அனுப்பலாம். எடுத்துப் போகிறவர்கள் நம்மிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை. எந்த ஊரில், எந்தக் கருவிக்குள், எத்தனை வருஷத்துக்கு முந்தைய வெர்ஷன் உட்கார்ந்திருக்கிறது என்று நமக்குத் தெரியவே தெரியாது. ஆனால் இன்று நாம் வெளியிடும் புதியது, அந்தத் தெரியாத பழையதோடு சண்டை போடாமல் பேச வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. சந்தேகப் பிராணிக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது.

பார்க்கும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், பின்னால் நடந்தது அதில்தான் இருக்கிறது. நாற்பது மாதிரிப் பட்டியல்கள் வைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு பழைய வெர்ஷனும் எழுதிய நிரலை அப்படியே பத்திரப்படுத்தியிருந்தோம். புதிய வெர்ஷன் தயாரானதும் அதே நாற்பதையும் அதற்குக் கொடுத்து, வருவதைப் பழையதோடு வரிக்கு வரி ஒப்பிடுவோம். பிறகு ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது என்று உட்கார வைத்து இரண்டையும் பேச விடுவோம். இது சொன்னது அதற்கு அதே சொல்லாகப் போய்ச் சேர்ந்தால் பச்சை. இல்லையென்றால் சிவப்பு. ஒரு சிவப்பு இருந்தாலும் வெளியீடு கிடையாது. நாற்பது மாதிரியையும் எழுதியவன் நான். அதில் எனக்குப் பெருமை உண்டு.

எங்கள் மேலாளர் வசுந்தரா மேடம் தார்வாடுக்காரர், தாய்மொழி கன்னடம். எங்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றவர். குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. பச்சை, சிவப்பு எல்லாம் முடிந்த பிறகும் அவரிடம் ஒரு சடங்கு பாக்கி இருக்கும். மாற்றத்தை அச்செடுத்து மேஜையில் வைப்பார். பக்கத்தில் சீவிய பென்சில். மாற்றம் செய்தவர் எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்க வேண்டும். படிப்பவர் நாக்கு எங்கே தடுக்குகிறதோ அங்கே ஒரு புள்ளி வைப்பார். "கண்ணு ஓடிப்போகும் டேவிட், நாக்கு ஓடாது" என்பார். முடிந்ததும் கன்னடத்தில் ஒரே கேள்வி: "யாரிகே தொந்தரே?" யாருக்குத் தொந்தரவு. அதற்கான பதிலை ஒரு படிவத்தில் செய்தவரே கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நான்காம் வெர்ஷனில் ஒரு பழைய தலைவலியைத் தீர்த்தேன். பட்டியலைப் பல கோப்புகளில் பிரித்து எழுதுகிறவர்கள் இருந்தார்கள். ஒரு கம்ப்யூட்டர் அந்தக் கோப்புகளை ஒரு வரிசையில் படிக்கும், இன்னொன்று வேறு வரிசையில் படிக்கும். எண்கள் இடம் மாறும். வழி சுலபம் என்று எனக்குத் தோன்றியது. எண் போடுவதற்கு முன் சொற்களை ஆங்கில அகரவரிசையில் அடுக்கிவிட்டால், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரே வரிசைதானே? பத்து வரித் திருத்தம். நாற்பதும் பச்சை. மேடம் எதிரே உட்கார்ந்து படித்தேன். நாக்கு எங்கும் தடுக்கவில்லை.

"யாரிகே தொந்தரே?"

"யாருக்கும் இல்ல மேடம்."

பென்சிலை உருட்டினார். "யாருக்குமே தொந்தரவு இல்லாத மாத்தம்னு ஒண்ணு இருக்கா டேவிட்?"

"நாப்பதும் பச்சை மேடம். நீங்களே பாருங்க."

அவர் படிவத்தை என் பக்கம் தள்ளினார். 'யாருக்கும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்தச் சமயத்தில் என் கவனமெல்லாம் வேறு பக்கம் இருந்தது. வெளியிலிருந்து ஒரு ஆள் சில மாதங்களாகத் தேன் ஒழுகப் பேசிக்கொண்டு சின்னச் சின்னத் திருத்தங்கள் அனுப்பிவந்தார். "உங்களுக்கு வேலை அதிகம், வெளியிடும் உரிமையை எனக்கும் கொடுத்தால் பாரம் குறையும்" என்றார். தோண்டிப் பார்த்தேன். அவர் பெயர், ஊர், முன்பு வேலை செய்ததாகச் சொன்ன இடம் எதுவுமே ஒட்டவில்லை. கள்ள நிரலை நுழைக்க வந்த ஆள் என்று கதவைச் சாத்தினேன். அலுவலகத்தில் தோளில் தட்டிக் கொடுத்தார்கள். என் சந்தேகத்துக்குக் கொம்பு முளைத்தது அப்போதுதான்.

அடுத்து வந்தவர் முனிரத்தினம். நான்காம் வெர்ஷன் வெளியாகிச் சில மாதம் ஆகியிருந்தது. ஒரு திங்கட்கிழமை எங்கள் பக்கத்தில் உடைந்த ஆங்கிலத்தில் ஒரு புகார்: பட்டன்கள் உள்ள பழைய பேனலில் உங்கள் மூன்றாம் வெர்ஷன், மோட்டாரை ஓட்டும் புதிய போர்டில் நான்காம் வெர்ஷன், ஸ்டாப்பை அமுக்கினால் பெல்ட் பின்னால் போகிறது, தயவுசெய்து பாருங்கள். கூடவே ஒரு ஜிப் கோப்பு.

அக்கவுண்டைப் பார்த்தேன். அன்று காலைதான் தொடங்கியது. படம் இல்லை, முன் வரலாறு இல்லை. தெரியாத ஆள் கொடுத்த ஜிப்பை நான் திறப்பேனா? 'சிறிய மாதிரியை இங்கேயே எழுத்தில் கொடுக்கவும்' என்று பதில் போட்டேன். 'சார் எல்லாம் ஜிப்பில் இருக்கிறது' என்று வந்தது. சிரித்துக்கொண்டேன். 'எங்களிடம் இப்படி நிகழவில்லை' என்று எழுதிப் புகாரை மூடினேன். மறுநாள் திறந்தார், மூடினேன். புதன்கிழமை மறுபடி திறந்து, ஆங்கில எழுத்தில் தமிழில் எழுதியிருந்தார்: "சார் உங்க பேரு டேவிட் செல்வராஜ்னு இருக்கு. தமிழா சார்? நம்புங்க சார்."

எனக்கு அதுவரை பாதிச் சந்தேகம்தான். 'நம்புங்க' என்ற வார்த்தையைப் பார்த்ததும் முழுச் சந்தேகம் ஆகிவிட்டது. தமிழைக் காட்டி உள்ளே வரப் பார்க்கிறான், போன ஆளின் கூட்டாளி என்றே முடிவு கட்டினேன். அந்தப் பக்கத்தில் இனி யாரும் எழுத முடியாதபடி பூட்டுப் போட்டேன். வீட்டு கேட்டைப் போல அதையும் இரண்டு முறை சரிபார்த்தேன்.

வெள்ளிக்கிழமை மதியம் கேட்டிலிருந்து செக்யூரிட்டி கூப்பிட்டார். துணிப்பையில் ஒயரும் போர்டுமாக ஒருவர் வந்து என் பெயரைச் சொல்லி நிற்கிறாராம். "உள்ள விடாதீங்க. பையைத் தொடாதீங்க" என்றேன். கால் மணி நேரத்தில் மறுபடி போன். இந்த முறை மேடம். வெளியே போய்விட்டுத் திரும்பியவர் கேட்டிலேயே அவரைப் பார்த்திருக்கிறார்.

"கீழ வாங்க டேவிட். விசிட்டர் ரூம்."

கீழே போனேன். முப்பத்தைந்து வயது இருக்கும். நீலச் சட்டை, சட்டைப்பையில் டெஸ்டர். எழுந்து நின்றார். கையைக் கட்டிக்கொண்டு நான் எதிரே உட்கார்ந்தேன்.

"நான்தான் சார் முனிரத்தினம். இங்க பக்கத்துல ஹெப்பகோடியில ஒரு அட்டைப் பெட்டிக் கம்பெனியில மெயின்டனன்ஸ். அட்டையை நகத்தற பெல்ட் மிஷினுக்குப் புது மோட்டார் போர்டு வந்துது. சப்ளையர் குடுத்தது. நான்தான் மாட்டினேன். டிரையல்லயே ஸ்டாப் அமுக்கினா பின்னால போச்சு, ரிவர்ஸ் அமுக்கினா நின்னுது. சப்ளையரைக் கேட்டா ஒயர் மாத்தி மாட்டிட்டேன்றான். ரெண்டு தடவை பிரிச்சு மாட்டினேன் சார். போர்டு ஆன் ஆவும்போது உங்க லைப்ரரி பேரு காட்டும். அதை வெச்சுத்தான் உங்களுக்கு எழுதினேன். சூப்பர்வைசர் இன்னா சொன்னாருன்னா, ஆர்டர் நிக்குது, பட்டன் மேல பேப்பர் ஒட்டி ஓட்டுன்னாரு. ரிவர்ஸ் பட்டன் மேல 'ஸ்டாப்'னு ஒட்டினேன்."

மேடம் தண்ணீர் டம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார்.

"நேத்து பேப்பர் உரிஞ்சு வுழுந்துடுச்சு. லட்சுமம்மான்னு ஒரு அக்கா, லீவு முடிச்சு நேத்துதான் வந்தாங்க. அவங்களுக்கு இந்தக் கதையே தெரியாது. அட்டை சிக்கிக்கிச்சு. பழக்கத்துல ஸ்டாப்பை அமுக்கிட்டுக் கையை வுட்டாங்க. பெல்ட் பின்னால இழுத்துடுச்சு. பக்கத்துல இருந்தவரு சிவப்பு பட்டனை அடிச்சாரு, அது கரண்ட்டையே கட் பண்ணிடும். அதனால கை இருக்குது. ரெண்டு விரல் ஒடஞ்சுபோச்சு."

பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேஜையில் விரித்தார். நாளை சனிக்கிழமை விசாரணை, ஒயரை மாற்றி மாட்டியதாக அவர் மேல் குற்றச்சாட்டு, ஏன் வேலையிலிருந்து நீக்கக் கூடாது என்று கேட்டு நோட்டீஸ்.

இத்தனையும் கேட்ட பிறகும் என் புத்தி என்ன செய்தது தெரியுமா? ஒயரை மாற்றி மாட்டிவிட்டு நம் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்தது. அதை வெளியே சொல்லவும் செய்தேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பழைய பேனல், புதிய போர்டு, கையகல மோட்டார் மூன்றையும் மேஜையில் வைத்தார். "நான் தொட மாட்டேன் சார். நீங்களே மாட்டுங்க" என்றார். மாட்டினேன். ஒவ்வொரு ஒயரையும் இழுத்துப் பார்த்தேன். ஸ்டார்ட்டை அமுக்கினேன், மெதுவாகச் சுற்றியது. ஸ்டாப்பை அமுக்கினேன். நின்று, பின்பக்கமாகச் சுற்றத் தொடங்கியது.

"அந்த ஜிப்புல இருந்தது இதுதான் சார்" என்று ஒரு அச்சுத்தாளை நீட்டினார். சப்ளையர் எழுதிய பட்டியல். நான்கே சொற்கள், ஒன்றின் கீழ் ஒன்றாக. ஸ்டாப், ஸ்டார்ட், ஸ்லோ, ரிவர்ஸ்.

கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆங்கில அகரவரிசையில் அடுக்கினால் ரிவர்ஸ் முதலில் வரும், ஸ்டாப் கடைசியில் போகும். பழைய பேனலுக்குப் பூஜ்யம் என்றால் ஸ்டாப். புதிய போர்டுக்குப் பூஜ்யம் என்றால் ரிவர்ஸ். பேனல் ஒழுங்காகத்தான் 'நில்' என்று சொன்னது. 'பின்னால் போ' என்று அது காதில் விழும்படி செய்தவன் நான்.

அப்படியானால் நாற்பதும் எப்படிப் பச்சையாயின? மேலே ஓடிப்போய் என் மாதிரிகளைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பார்த்துக்கொண்டே போனேன். ஆப்பிள், பனானா, செர்ரி. பிளாக், ப்ளூ, கிரீன், ரெட். நாற்பதிலும் ஒன்றுகூட விடாமல் எல்லாச் சொல்லையும் அகரவரிசையிலேயே எழுதி வைத்திருந்தேன். யாரும் சொல்லி எழுதவில்லை, என் கை அப்படி. ஏற்கெனவே அடுக்கியிருப்பதை மறுபடி அடுக்கினால் என்ன மாறும்? ஊரில் உள்ளவனையெல்லாம் சந்தேகப்பட்டவன், என் கையை ஒரு நாளும் சந்தேகப்படவில்லை. திங்கட்கிழமை அந்த ஜிப்பைத் திறந்திருந்தால் வியாழக்கிழமை என்று ஒன்று வந்திருக்காது. இதை நினைக்காமல் இன்றைக்கும் என்னால் அந்த வாரத்தை நினைக்க முடிவதில்லை.

இறங்கி வந்து, "தப்பு என்னுது" என்றேன். "கடிதம் எழுதித் தரேன்."

முனிரத்தினம் முகத்தில் ஒரு நிம்மதியும் வரவில்லை. "எழுதினா போதுமா சார்? போட்டுக் காட்டுங்க."

"என்ன காட்டணும்?"

"நீங்க சொல்றது நெஜமான்னு. உங்க லிஸ்ட்டு வேணாம். நான் எழுதித் தரேன்."

மேடத்தின் பென்சிலை வாங்கி ஒரு தாளில் அவரே ஆறு சொற்கள் எழுதினார். முதலில் ஸ்டாப்தான். "ஏன் அதை முதல்ல எழுதறீங்க?" என்று கேட்டேன். "கை மொதல்ல அங்கதானே சார் போவும்" என்றார். எனக்கு ஸ்டெல்லாவின் உப்பு டப்பா ஞாபகம் வந்தது. அவர் முன்னாலேயே அந்தப் பட்டியலைப் பழைய வெர்ஷனிலும் புதிய வெர்ஷனிலும் போட்டு, இரண்டு எண் வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

சட்டப் பிரிவிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். இந்த லைப்ரரிக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று உரிமத்திலேயே எழுதியிருக்கிறது, இலவசமாக எடுத்தவர்கள் அவர்கள் பொறுப்பில்தான் எடுத்தார்கள், 'தவறு' என்ற சொல்லை எங்கும் எழுதாதீர்கள் என்றார். அவர் சொன்னது சட்டப்படி சரி. மேடம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு அலமாரியைத் திறந்து நான்காம் வெர்ஷனின் படிவத்தை எடுத்து என் முன்னால் வைத்தார். கேள்வி அச்சில், பதில் என் கையெழுத்தில். யாருக்கும் இல்லை.

"திருத்திடுங்க" என்றார். அவ்வளவுதான் அவர் சொன்னது. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அதை அடித்துவிட்டு, 'லட்சுமம்மா, பெட்டிக் கம்பெனித் தொழிலாளி. முனிரத்தினம், மெயின்டனன்ஸ்' என்று எழுதிப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். சட்டப் பிரிவுக்காரர் அதைப் படித்துவிட்டு எழுந்து போனார்.

அன்று மாலையே எங்கள் பொதுப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை போட்டோம். என்ன தவறு, யார் செய்தது, யார் முதலில் கண்டுபிடித்தது, அவரை யார் நம்பவில்லை என்பது வரை எழுதினேன். பூட்டிய பக்கத்தையும் திறந்துவிட்டேன். அடுத்த வெர்ஷனிலிருந்து லைப்ரரி தானாக எண் போடுவதையே நிறுத்தினோம். ஒவ்வொரு சொல்லுக்கும் எழுதுகிறவரே எண்ணையும் எழுத வேண்டும், எழுதாவிட்டால் அது வேலை செய்ய மறுக்கும். முனிரத்தினம் எழுதிய அந்த ஆறு சொல் நாற்பத்தொன்றாவது மாதிரி ஆயிற்று.

சனிக்கிழமை மேடமும் நானும் ஹெப்பகோடிக்குப் போனோம். விசாரணை அறையில் மேஜை மேல் அதே பேனலையும் போர்டையும் வைத்து, ஒயரை மேனேஜர் கையாலேயே மாட்டச் சொல்லிக் காட்டினேன். "அப்ப இவன் மேல தப்பு இல்லையா?" என்று அவர் மூன்று முறை கேட்டார். மூன்று முறையும் இல்லை என்றேன். நோட்டீஸைத் திரும்பப் பெற எழுதிக் கொடுத்தார்கள். பேப்பர் ஒட்டி ஓட்டச் சொன்ன சூப்பர்வைசர் கடைசி வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து முனிரத்தினம் எங்களை லட்சுமம்மா வீட்டுக்கு அழைத்துப் போனார். ஒற்றை அறை. கையில் கட்டோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசினார். என்னைப் பார்த்து, "நீங்க டாக்டரா சார்?" என்றார்.

"இல்லம்மா. அந்த மிஷினுக்குள்ள இருக்கற கணக்கைத் தப்பா எழுதினது நான்தான்."

புரிந்ததா என்று தெரியவில்லை. கட்டுப் போட்ட கையைக் காட்டி, "நான் ஸ்டாப்தான் சார் அமுக்கினேன். அது வாபஸ் போயிடுச்சு. நான் சரியாத்தான் அமுக்கினேன்னு அவங்ககிட்ட சொல்லுங்க. யாரும் நம்பல" என்றார். சொல்லிவிட்டுத்தான் வந்தோம் என்றேன். மேடம்தான் மீதியைப் பேசினார்.

அதற்குப் பிறகு பல வெர்ஷன்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஒற்றை வரி வந்துவிடும். நான் நன்றி என்று எழுதுவேன். பதில் வராது. மேடம் ஓய்வு பெற்றார், பிறகு நானும். அந்த வரியைப் பற்றி நான் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. அது என் தவறு.

ஸ்வாதியின் கேள்விக்குப் பதில் தெரியாமல் இரண்டு நாள் புழுங்கினேன். மூன்றாம் நாள் கேட்டைப் பூட்டி மூன்று முறை இழுத்துப் பார்த்துவிட்டு, சிவாஜிநகர் போய் பஸ் மாறி ஹெப்பகோடியில் இறங்கினேன். பெட்டிக் கம்பெனியில் கேட்டேன். அவர் வேலையை விட்டு, இரண்டு தெரு தள்ளி, எரிந்த மோட்டாருக்குக் கம்பி சுற்றும் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார் என்றார்கள்.

தலை நரைத்திருந்தது. என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். ஸ்டூல் போட்டார், டீ சொன்னார். கடை மூலையில் ஒரு மேஜை. அதன்மேல் அந்தப் பழைய பேனல், அந்தப் போர்டு, இரண்டு உருளையில் ஒரு முழ நீளத்துக்குப் பெல்ட்.

"நீங்கதான் போடறீங்களான்னு பாக்க வந்தேன்" என்றேன். மறைக்கவில்லை.

"வேற யாரு சார் போடுவாங்க? புதுசு வந்தா மெயில் வரும். எறக்கி, போர்டுல ஏத்தி, அமுக்கிப் பாப்பேன்."

"புதுசா இருக்கற பொண்ணு கேள்வி கேட்டிருக்கா. பதில் போடலாமே?"

"பேச்சு எதுக்கு சார்? அன்னிக்கு அவ்ளோ எழுதினேன்."

டீ வந்தது. லட்சுமம்மாவைக் கேட்டேன். அதே கம்பெனியில் லேபிள் எண்ணும் வேலையில் இருக்கிறாராம். ஒரு விரல் மடங்குவதில்லையாம்.

"இன்னிக்குக் காலைல ஒண்ணு வந்துது சார். ஏத்தி வெச்சிருக்கேன், இன்னும் பாக்கல" என்று சொல்லிவிட்டு எழுந்து போர்டுக்கு மின்சாரம் கொடுத்தார். பேனலை என் பக்கம் திருப்பினார். "நீங்க அமுக்குங்க."

ஸ்டார்ட்டை அமுக்கினேன். பெல்ட் ஓடியது. அவர் ஒரு அட்டைத் துண்டை அதன்மேல் போட்டார். அது உருளைப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டாப்பை அமுக்கினேன். பெல்ட் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது.

வலது கை இன்னும் பட்டன் மேல் இருந்தது. இடது கையைத் தேடினேன். அது எப்போதோ என் முதுகுக்குப் பின்னால் போய், விரல்களை மடக்கிக்கொண்டு நின்றிருந்தது. முனிரத்தினம் அதைப் பார்த்தார். கம்ப்யூட்டர் பக்கம் திரும்பி, அந்த ஒற்றை வரியைத் தட்டச்சு செய்தார்.